தலைவிதி என்பது கற்ற பாடம்

தோட்டப்புறத்திலிருந்து வந்தவர்கள் எதற்கெடுத்தாலும் தலைவிதியைக் காரணம் காட்டுகிறார்கள் என்பது ஈப்போ தன்முனைப்பு மேடைகளுக்குப் பழகிப்போன குற்றச்சாட்டு. அதற்கு அறிவியல் பூச்சுத் தர ஜூலியன் ரோட்டர் பெயரும் வந்துவிடும். நடப்பவை தன் செயலின் விளைவு என்று நம்புகிறவர்களையும் (அகநம்பிக்கை), அதிர்ஷ்டம், விதி, மேலிடம் என்று நம்புகிறவர்களையும் (புறநம்பிக்கை) பிரித்துக் காட்டும் அளவுகோலை 1966இல் வெளியிட்டவர் அவர். ஆனால் அந்த அளவுகோல் முளைத்த வேர், 1954இல் அவர் எழுதிய சமூகக் கற்றல் கோட்பாடு. முன்பு முயன்றபோது என்ன கிடைத்ததோ அதை வைத்தே மனிதன் அடுத்ததை எதிர்பார்க்கிறான் என்பது அதன் சாரம். பொருளாதார மந்தத்தில் தந்தையின் வியாபாரம் நொடித்துப்போன வீட்டில் வளர்ந்தவர் ரோட்டர். சூழலை விட்டுவிட்டு ஆளை மட்டும் எடைபோட அவருக்கு மனம் வராததில் வியப்பில்லை.

அந்தக் கண்ணோடு பேராக்கின் ரப்பர் தோட்டத்தைப் பாருங்கள். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள்கணக்கெடுப்புக்கு, வந்து நின்றாலும் மழை பிடித்துக்கொண்டால் வெட்டு இல்லை. எவ்வளவு பக்குவமாக மரம் சீவினாலும் ரப்பர் விலையைத் தீர்மானித்தது தொலைதூரச் சந்தை. குடியிருந்த லயமும் தோட்டத்துக்கே சொந்தம்; வேலை போனால் கூரையும் போகும். 1950களில் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோது நல்ல உழைப்பாளிக்கும் சோம்பேறிக்கும் ஒரே கதிதான். இவ்வளவையும் பார்த்தவர் 'நம்ம கையில் என்ன இருக்கு' என்றால், அவர் வாழ்க்கையைச் சரியாகவே படித்திருக்கிறார்.

அதே லயத்திலிருந்து படித்து முன்னேறியவர்கள் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறார்கள், உழைப்புக்கு மதிப்பெண்ணாவது திரும்பி வரும் பள்ளிக்கூடம் அவர்களுக்கு வாய்த்தது. தோட்டமே போய்விட்டதே, இன்னும் ஏன் அந்தப் பேச்சு என்பது இதைவிடக் கடினமான கேள்வி. பழக்கமில்லாத சூழலில் மனிதன் பழைய, பொதுவான எதிர்பார்ப்பையே துணைக்கு அழைக்கிறான் என்பது ரோட்டரின் பதில். புதிய பலன் திரும்பத் திரும்பக் கைக்கு வந்தால்தான் அது தேயும். இரண்டு மணி நேரச் சொற்பொழிவு போதாது. அகநம்பிக்கை நல்லது, புறநம்பிக்கை கெட்டது என்று தம் கருத்தைச் சுருக்கியவர்களை 1975இல் அவரே கண்டித்தார்.

சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தொழிலாளர்களின் மனப்பான்மையைத் திருத்தப் போகவில்லை. தோட்டம் தோட்டமாகச் சென்று பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப்பணம் கேட்டார். விதியைப் பேசியதாகச் சொல்லப்படும் அதே மக்கள் கொடுத்தார்கள். சங்கம் தோட்டங்களை வாங்கியது. பங்குதாரர் ஆனபின்பும் பலர் பால்வெட்டுக்குத்தான் போனார்கள், உண்மைதான். ஆனால் அமெரிக்கக் கறுப்பின மாணவர்களை ஆராய்ந்த பட்ரீஷியா குரின் குழு 1969இல் கண்டதும் அவர்கள் பணம் கொடுத்துச் சேர்ந்ததற்கு ஒத்துவருகிறது: தடை அமைப்பில் இருக்கிறது என்று சொன்னவர்களே கூட்டுச் செயலுக்கு அதிகம் முன்வந்தார்கள்.