மூடுபனியில் யார் சொல்லை நம்புவது?

அறிவு நமக்கு எந்த வழிகளில் வருகிறது என்ற கேள்விக்கு நியாய தரிசனம் நான்கு வழிகளைச் சொன்னது: கண்டறிவது, ஊகித்தறிவது, ஒப்பிட்டறிவது, பிறர் சொல்லக் கேட்டறிவது. நான்காவதில்தான் வழக்கு. சார்வாகர்கள் அதை ஏற்கவே இல்லை. பௌத்த தர்க்கவாதிகள் அது தனி வழியல்ல, ஊகத்தின் ஒரு வகைதான் என்றார்கள். நியாயவாதிகளோ 'ஆப்தன்' சொன்னால் அது பிரமாணம், அதாவது அறிவு தரும் வழி, என்று நின்றார்கள். ஆப்தன் என்றால் நம்பத்தக்கவன், உள்ளதை உள்ளபடி சொல்பவன். பதினேழாம் நூற்றாண்டில் அன்னம்பட்டர் எழுதிய தர்க்க சங்கிரகத்தில் சப்தம் (கேட்டறிவது) பற்றிய பகுதி இந்த ஆப்தனை வைத்தே தொடங்குகிறது.

1977 மார்ச் 27 அன்று, ஸ்பெயினுக்குச் சொந்தமான டெனரிஃப் தீவின் லாஸ் ரோடியோஸ் விமான நிலையத்தில் இந்தப் பழைய வழக்கு உயிர்களைப் பணயமாக்கி நடந்தது.

பக்கத்துத் தீவின் விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால் பல விமானங்கள் லாஸ் ரோடியோஸுக்குத் திருப்பிவிடப்பட்டிருந்தன. இணைபாதை முழுக்க விமானங்கள். எனவே கேஎல்எம், பான் ஆம் நிறுவனங்களின் இரண்டு ஜம்போ ஜெட்டுகளும் ஓடுபாதை மேலேயே ஊர்ந்து செல்ல வேண்டியிருந்தது. மலையிலிருந்து பனி இறங்கியது. கோபுரத்திலிருந்த கட்டுப்பாட்டாளருக்கு விமானங்கள் தெரியவில்லை. விமானங்களுக்கு ஒன்றையொன்று தெரியவில்லை. தரையைக் காட்டும் ரேடாரும் அங்கே கிடையாது. மூன்று தரப்புக்கும் மிஞ்சியிருந்தது நான்காவது பிரமாணம் மட்டுமே: ரேடியோவில் வரும் சொல்.

கேஎல்எம் விமானத்தின் கேப்டன் யாக்கோப் ஃபெல்ட்ஹாய்சன் ஃபான் சான்டன், தம் நிறுவனத்தில் 747 விமானிகளின் பயிற்சிக்கே தலைவர். நிறுவனத்தின் விளம்பரங்களில் சிரித்த முகம் அவருடையது. ஆப்தன் என்று ஒருவரைக் காட்டச் சொன்னால் அன்று அந்த ஓடுபாதையில் அவரைத்தான் காட்டியிருப்பார்கள்.

அவருடைய விமானம் ஓடுபாதையின் முனையில் திரும்பி நின்றது. எந்த உயரத்துக்கு ஏறி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்ற வழித்தட அனுமதியைக் கோபுரம் வாசித்தது. அது கிளம்பும் அனுமதி அல்ல. இரண்டும் வேறு வேறு. ஆனால் அந்த வாசகத்துக்குள் 'டேக் ஆஃப்' என்ற சொல் இருந்தது. துணை விமானி அதைத் திருப்பிச் சொல்லி, இறுதியில் "நாங்கள் இப்போது டேக் ஆஃபில் இருக்கிறோம்" என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சேர்த்தார். அப்போதே விமானம் ஓடத் தொடங்கிவிட்டது. 'கிளம்பத் தயாராக நிற்கிறார்கள்' என்று எடுத்துக்கொண்ட கட்டுப்பாட்டாளர் "ஓகே" என்றார். தொடர்ந்து, காத்திருங்கள், கூப்பிடுகிறேன் என்றார். அதே நொடியில் பான் ஆம் விமானி தாம் இன்னும் ஓடுபாதையில்தான் இருப்பதாகச் சொன்னார். ஒரே அலைவரிசையில் இரண்டு குரல்கள் மோதின. கேஎல்எம் விமானி அறையில் "ஓகே" மட்டும் தெளிவாகக் கேட்டது. மிச்சம் வெறும் கீச்சொலி.

ஒரு வாய்ப்பு மீதமிருந்தது. ஓடுபாதையை விட்டு விலகியதும் சொல்லுங்கள் என்று கோபுரம் பான் ஆமிடம் கேட்டதும், சொல்கிறோம் என்று பதில் வந்ததும் கேஎல்எம் அறையில் கேட்டன. பின்னால் இருந்த ஃப்ளைட் இன்ஜினியருக்குச் சந்தேகம் வந்தது. அந்தப் பான் ஆம் இன்னும் விலகவில்லையா என்று கேட்டார். விலகிவிட்டது என்று அழுத்தமாகச் சொன்னார் கேப்டன். இன்ஜினியர் மேலே பேசவில்லை. சில நொடிகளில் இரண்டு விமானங்களும் மோதி 583 பேர் இறந்தார்கள்.

இதில் யாரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் தத்துவத்துக்குச் சங்கடம். எல்லோரும் தொழில் தெரிந்தவர்கள். ஆப்தனுக்குரிய இலக்கணம் எல்லோருக்கும் பொருந்தியது. பிறகு எங்கே பிசகியது?

நியாய நூல்களில் திரும்பத் திரும்ப வரும் உதாரணம் ஒன்று உண்டு. 'சைந்தவம்' என்றால் உப்பு. குதிரை என்றும் பொருள். சாப்பாட்டு வேளையில் 'சைந்தவம் கொண்டு வா' என்றால் உப்பு, பயணம் புறப்படும்போது சொன்னால் குதிரை. சூழலே சொன்னவரின் கருத்தைக் காட்டிவிடும் என்பது வாதம். வீட்டுக்கு இது போதும். ஓடுபாதையில் இதுவே ஆபத்து. புறப்படத் துடித்துக்கொண்டிருந்தவர் காதில் "ஓகே" அனுமதியாக விழுந்தது. நிற்கும் விமானத்தை மனதில் வைத்திருந்தவருக்கு 'டேக் ஆஃபில் இருக்கிறோம்' காத்திருப்பாக விழுந்தது. இருவரும் சூழலை வைத்துத்தான் பொருள் கொண்டார்கள். ஆனால் அவரவர் சூழல் வேறு.

விபத்துக்குப் பிறகு 'டேக் ஆஃப்' என்ற சொல்லையே பூட்டி வைத்தார்கள். கிளம்ப அனுமதி தரும்போதும் அதை ரத்து செய்யும்போதும் மட்டுமே அது ரேடியோவில் வர வேண்டும். மற்ற இடங்களில் 'டிபார்ச்சர்'. தத்துவவாதி ஜே.எல். ஆஸ்டின் 1955-இல் ஹார்வர்டில் ஆற்றிய உரைகளில், சில சொற்கள் எதையும் விவரிப்பதில்லை, சொல்வதே செயலாகிவிடுகிறது என்று விளக்கினார். வாக்குக் கொடுப்பதும் பெயர் சூட்டுவதும் அப்படிப்பட்டவை. டெனரிஃபில் ஒரே சொல் விவரிக்கவும் பயன்பட்டது, செயலாகவும் நின்றது. விதி அந்த இரண்டையும் பிரித்தது.

விமான ரேடியோவின் மற்றச் சொற்களுக்கும் இப்படிப் பொருள் வரையறுக்கப்பட்டிருக்கிறது. 'ராஜர்' என்றால் நீங்கள் சொன்னது முழுதும் வந்து சேர்ந்தது என்று மட்டுமே பொருள். ஆம் என்றோ செய்கிறேன் என்றோ அல்ல. ஆம் என்பதற்கு 'அஃபர்ம்', செய்கிறேன் என்பதற்கு 'வில்கோ', முடியாது என்பதற்கு 'அனேபிள்'. கிளம்பவும் தரையிறங்கவும் ஓடுபாதையைக் கடக்கவும் தரும் அனுமதி, உயரம், திசை, உயரமானிக்கான அழுத்த அளவு ஆகியவற்றை விமானி எண் மாறாமல் திருப்பிச் சொல்லியாக வேண்டும். கட்டுப்பாட்டாளர் அதைக் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். 'புரிந்தது' என்ற ஒற்றைச் சொல்லுக்கு இங்கே மதிப்பில்லை. நாற்பது ஆண்டு அனுபவசாலியும் நேற்றுச் சேர்ந்தவரும் ஒரே மாதிரி ஒப்புவிக்கிறார்கள். ஆப்தன் என்ற தகுதியை ஆளிடமிருந்து எடுத்து, இருவருக்கிடையே நடக்கும் சரிபார்ப்பிடம் கொடுத்துவிட்டார்கள்.

அந்தச் சரிபார்ப்பில் ஒரு முனை தளர்ந்தாலும் போயிற்று. 1989 பிப்ரவரி 19 அன்று கோலாலம்பூரின் சுபாங் நிலையத்தை நெருங்கிய ஃப்ளையிங் டைகர் சரக்கு விமானத்துக்கு 2,400 அடிக்கு இறங்க அனுமதி வந்தது. எண்களை ஒவ்வொன்றாகச் சொன்னதில் முதலில் வந்த 'டூ' என்ற இரண்டு, 'வரை' என்று பொருள்படும் 'டு'வாகக் கேட்டது. விமானி நானூறு என்று திருப்பிச் சொன்னார். யாரும் திருத்தவில்லை. விமானம் குன்றில் மோதி, அதிலிருந்த நால்வரும் இறந்தார்கள். 1996 நவம்பர் 12 அன்று ஹரியானாவின் சர்க்கி தாத்ரி வானில் நடந்தது வேறு வகை. கசகஸ்தான் விமானத்துக்குத் தந்த உயரம் 15,000 அடி. எதிரே வந்த சவூதி விமானத்துக்கு 14,000. கசக் விமானத்தில் ரேடியோவில் பேசியவர் ஒருவர், ஓட்டியவர்கள் வேறு. சொல் வந்து சேர்ந்தும் விமானம் தந்த உயரத்துக்குக் கீழே இறங்கியது. இரண்டும் மோதி 349 பேர் மாண்டார்கள்.

இவை அறிவைப் பற்றிய கேள்விகள். 1990 ஜனவரி 25 அன்று நியூயார்க்கில் எழுந்தது அறத்தைப் பற்றியது. கொலம்பியாவிலிருந்து வந்த ஏவியான்கா 52 ஒரு மணி நேரத்துக்கும் மேல் வானில் காக்கவைக்கப்பட்டது. முதல் முயற்சியில் தரையிறங்க முடியவில்லை. அவசரநிலை என்று சொல்லுமாறு கேப்டன் துணை விமானியிடம் சொன்னார். துணை விமானியோ, மறுபடி முயல்கிறோம் என்பதோடு எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது என்று போகிற போக்கில் சேர்த்தார். 'மேடே' என்றோ 'எமர்ஜென்சி' என்றோ அவர் வாயிலிருந்து வரவில்லை. சுற்றிவரும் தூரம் எரிபொருளுக்குச் சரிப்படுமா என்று கட்டுப்பாட்டாளர் கேட்டபோதும், சரிப்படும் என்று நினைக்கிறேன், மிக்க நன்றி என்றே பதில் வந்தது. விமானம் லாங் ஐலண்டில் விழுந்தது. 158 பேரில் 73 பேர் இறந்தனர்.

துன்பத்தை உரிய வாசகத்தில் சொல்லாதவனுக்கு உதவி கிடையாதா? அமெரிக்க விசாரணை முதல் பொறுப்பை விமானிகள் மேல் வைத்தது. எரிபொருள் நெருக்கடிக்குப் பொதுவான சொற்கள் இல்லாததையும் துணைக் காரணமாகக் குறித்தது. 2012-இல்தான் 'மினிமம் ஃப்யூயல்', 'மேடே ஃப்யூயல்' என்ற இரண்டு நிலைகளும் சர்வதேச விதியில் தெளிவாக ஏறின. அவை முன்பே இருந்திருந்தாலும் கேட்பவரின் கடமை அத்தோடு முடிந்துவிடாது. 2009 ஜனவரி 15 அன்று இரண்டு இன்ஜின்களும் செயலிழந்த விமானத்திலிருந்து அதன் கேப்டன் சல்லன்பர்கர் அழைத்தபோது, தம் விமான எண்ணையே தவறாகச் சொன்னார். எதிர்முனையில் இருந்த கட்டுப்பாட்டாளர் பாட்ரிக் ஹார்ட்டன் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. உடனே ஓடுபாதையைத் தேடித் தந்தார். சல்லன்பர்கர் 'அனேபிள்' என்றார். பிறகு ஹட்சன் ஆற்றில் இறங்கப்போகிறோம் என்று சாதாரணப் பேச்சில் சொன்னார். 155 பேரும் பிழைத்தார்கள். விதிநூலும் இதை மறுக்கவில்லை. வாசகம் போதாத இடத்தில் எளிய பேச்சைப் பேச அது இடம் தருகிறது.

இந்த ஒழுங்கு விமானத்தோடு நிற்க வேண்டியதில்லை. அமெரிக்க மருத்துவமனைகளில் வாய்மொழியாக வரும் மருந்து உத்தரவைச் செவிலியர் எழுதித் திருப்பி வாசிக்கும் நடைமுறை உண்டு. நம் ஊரிலும் நள்ளிரவில் தொலைபேசியில் மருந்தளவு சொல்லும் மருத்துவர்கள் அதைத் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்க வேண்டும். 'மறுபடி சொல்லுங்கள் டாக்டர்' என்று கேட்கும் செவிலியரை அவமரியாதை செய்தவராகப் பார்க்கக் கூடாது.