கையெழுத்துக்குச் சாட்சி

2012இல் அம்மா தன் சீதனக் காணியில் நாலு பரப்பை அறுதியாக எழுதிக் கொடுத்தா. நான் பல்கலைக்கழகத்தை இரண்டாம் வருடத்தோடு விட்டு வெளிக்கிட, ஏஜென்சிக்காரனுக்குக் காசு வேண்டியிருந்தது. வயதான நொத்தாரிசு உறுதி முழுவதையும் சத்தமாக வாசித்தார். நாலு திசை எல்லைகள், கிணற்றில் பங்கு, வழி வாய்க்கால். வாங்க வந்தவர் மணிக்கூட்டைப் பார்த்தபடி இருந்தார். "எல்லாம் தெரிஞ்சதுதானே ஐயா" என்றேன் நான். அவர் என் பக்கம் திரும்பவேயில்லை. "அம்மா, விளங்கினதோ? முழுச் சம்மதந்தானே?" என்று கேட்டார். அம்மா கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு "ஓம்" என்றா. அந்த வாசிப்பு அன்று எனக்கு வெறும் சடங்காகவும், கொஞ்சம் இரக்கமற்றதாகவும் பட்டது.

இலங்கையில் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, காணி விற்பனை எழுத்தில் இருக்க வேண்டும். நொத்தாரிசும் குறைந்தது இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் கூடியிருக்கக் கையெழுத்திடப்பட வேண்டும். 1907ஆம் ஆண்டின் நொத்தாரிசுக் கட்டளைச் சட்டம் அவருடைய கடமைகளை ஒவ்வொன்றாக அடுக்குகிறது. கையெழுத்திடுபவரை அவருக்கோ சாட்சிகளுக்கோ தெரிந்திருக்க வேண்டும். வாசிக்கத் தெரியாதவருக்கு வாசித்து விளக்க வேண்டும். பணம் தன் முன்னால் கைமாறியதா, எங்கே எழுத்து வெட்டித் திருத்தப்பட்டது என்பதையெல்லாம் உறுதியின் அடியில் அத்தாட்சியாக எழுத வேண்டும். பிரதியை அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் காணிப் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும்.

இவையெல்லாம் கண்ணாலும் காதாலும் அறியக்கூடியவை. அம்மா ஏன் விற்கிறா என்பதற்கு அத்தாட்சியில் இடமில்லை. யுத்தம் முடிந்து மூன்று வருடம். வீட்டில் ஒரு இளந்தாரி. வேறு வழி அவவுக்குத் தெரியவில்லை. இப்படிப்பட்ட ஒருத்தியின் "ஓம்" சம்மதமாகுமா? அதை உறுதிப்படுத்தியவர் எதற்குச் சாட்சி? இந்தக் கேள்வியை நெடுநாள் அந்த மனிதர்மேல் சுமத்தி வைத்திருந்தேன்.

அம்மா செத்துப்போகும்போது வீட்டை என் பேரில் எழுதியிருந்தா. 2019இல், அதைப் பராமரிக்க உறவினர் ஒருவருக்கு அற்றோர்னித் தத்துவம் அனுப்ப வேண்டி வந்தது. ரெஸ்ரோறன்ற்றில் மத்தியான வேலைக்கும் இரவு வேலைக்கும் இடையில் ஜேர்மன் நோட்டாரிடம் ஓடினேன். ஜேர்மனியில், பத்திரத்தை நோட்டாரே ஆக்கிப் பதிந்தால் முழுவதையும் கட்சிக்காரர் முன்னால் வாசிக்க வேண்டும். மொழி விளங்காவிட்டால் மொழிபெயர்க்க வேண்டும். கையெழுத்தை மட்டும் உறுதிப்படுத்துவதானால் வாசிக்கத் தேவையில்லை. எனக்குத் தேவைப்பட்டது இரண்டாவது. நோட்டார் என் அகதிப் பயணப் பத்திரத்தைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், நான் கையெழுத்து வைப்பதைப் பார்த்தார். பத்து நிமிடம். முத்திரை விழுந்தது.

அவர் சொன்ன சாட்சி முழுக்க உண்மை: இந்த மனிதன் என் முன்னால் கையெழுத்திட்டான். ஆனால் இந்த மனிதன் தான் கையெழுத்திட்டதை வாசிக்கவில்லை. ஆங்கிலம் வாசிக்கத் தெரியாதவனல்ல; களைப்பு, அவசரம், உறவு என்ற நம்பிக்கை. குத்தகையும் வரியும் என்று நினைத்த பத்திரத்தில் விற்கும் உரிமையும் விலை பேசும் உரிமையும் இருந்தன. அந்த வீட்டில் இருந்த சின்னம்மா, "தம்பி, நான் எங்க போறது?" என்று ரெலிபோனில் கேட்டபோதுதான் அது எனக்குத் தெரிந்தது. என்னால் யாரையும் குற்றஞ்சாட்ட முடியவில்லை.

இப்போது யோசித்தால், அம்மாவை நெருக்கடி நெருக்கியது. என்னை யாரும் நெருக்கவில்லை. ஆனாலும் அவவின் "ஓம்" என் கையெழுத்தைவிடக் கூடிய சம்மதம். தான் எதை இழக்கிறா என்று கிணற்றுப் பங்குவரை கேட்டுவிட்டுச் சொன்னா. நொத்தாரிசால் அவவின் நெருக்கடியைத் தீர்க்க முடியாது. விற்காதே என்று சொல்லவும் அவருக்கு உரிமையில்லை. ஆனால் "மாட்டன்" என்று சொல்லக்கூடிய ஒரு இடைவெளியை அவர் கொடுத்தார். வாங்க வந்தவரும் மகனும் அவசரப்பட்டபோதும் அதைச் சுருக்கவில்லை. அவருடைய கடமையின் நடுப்பகுதி முத்திரையல்ல, இதுதான் என்று நினைக்கிறேன். சட்டம் அதை ஒருவரிடம் கேட்காத இடத்தில், அது கையெழுத்திடுபவனிடம் திரும்பி வருகிறது.

எங்கள் குசினிக்குப் புதிதாக வரும் பொடியள் கடிதங்களோடும் ஒப்பந்தங்களோடும் வருவார்கள். "அண்ணை, எங்க சைன் வைக்கிறது?" என்பதுதான் முதல் கேள்வி. நான் கையைத் துடைத்துக்கொண்டு, முதல் வரியிலிருந்து சத்தமாக வாசிக்கத் தொடங்குவேன். அவர்கள் மணிக்கூட்டைப் பார்ப்பார்கள்.