பணிவிடைக்கும் கணக்கு வேண்டும்

இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட் மருத்துவமனையில் 2005 முதல் 2009 வரை நடந்தவற்றைப் படித்தால் நெஞ்சு பதறுகிறது. குடிக்கத் தண்ணீர் கைக்கு எட்டாமலும், மலசலம் படிந்த விரிப்பிலும் முதியவர்கள் கிடந்திருக்கிறார்கள். ராபர்ட் பிரான்சிஸ் தலைமையிலான பொது விசாரணை 2013-இல் 290 பரிந்துரைகளோடு அறிக்கை தந்தது. அந்த நிர்வாகத்திடம் கணக்குக்குப் பஞ்சமில்லை என்பதுதான் கொடுமை. அவசரப் பிரிவுக்கு வருபவர்களை நான்கு மணி நேரத்துக்குள் கவனித்து முடிக்க வேண்டும் என்ற வரம்பையும் வரவு செலவையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்தார்கள். செலவைக் குறைக்கச் செவிலியர் பணியிடங்களை வெட்டினார்கள். அதனால் நோயாளிக்கு என்ன ஆயிற்று என்பதை அதே கண்டிப்போடு பார்க்கவில்லை. இறப்பு விகிதம் உயர்ந்து தெரிந்தபோதும் பதிவில் பிழை என்று சமாதானம் சொன்னார்கள். செவிலியர் பராமரிப்பின் தரத்தை அளப்பதும், மருத்துவமனைகளை ஒப்பிட்டு ஊரறியச் சொல்வதும் அறக்கடமை. இதில் விருப்பத்துக்கு இடமில்லை.

மருந்து அதிகாரத்தை முடிக்கும் வள்ளுவர், நோயாளி, மருத்துவர், மருந்து என்ற வரிசையில் உடனிருந்து பார்ப்பவரையும் சேர்த்தே மருத்துவத்தை நான்கு கூறாக்குகிறார். சரக சம்ஹிதையும் அதே நான்கைச் சொல்லி, பணிவிடை செய்பவருக்கு அறிவு, திறமை, அன்பு, தூய்மை ஆகிய தகுதிகளை விதிக்கிறது. தகுதியை வகுத்தவர்கள் அதைச் சோதிக்கவும் கடமைப்பட்டவர்கள். அந்தச் சோதனையில் தாட்சண்யம் கூடாது என்பதைச் செங்கோன்மை அதிகாரம் முதல் குறளிலேயே சொல்லிவிடுகிறது. கிரிமியப் போரில் வீரர்களின் மரணங்களைக் கணக்கெடுத்த புளோரன்ஸ் நைட்டிங்கேல், எல்லா மருத்துவமனைகளுக்கும் ஒரே புள்ளிவிவரப் படிவம் வேண்டும் என்று 1860-இல் லண்டனில் கூடிய சர்வதேச மாநாட்டில் முன்வைத்தார். பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து லிண்டா ஏய்க்கன் குழுவினர் 2002-இல் வெளியிட்ட முடிவு இன்னும் கடுமையானது: ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்தோறும், அறுவை சிகிச்சை பெற்றவர்கள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு சுமார் 7 சதவீதம் கூடியிருந்தது. இதை அறிந்த பிறகும் எண்ணாமல் இருப்பது பாவம்.

அன்பை அளக்க முடியாது, படிவம் நிரப்பவே ஷிப்ட் போதாது என்பார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் படுக்கைப்புண்ணை எண்ணலாம். கட்டிலிலிருந்து விழுந்தவர்களை எண்ணலாம். வலி மருந்து கேட்டவர் எவ்வளவு நேரம் காத்திருந்தார் என்பதையும் குறிக்கலாம். அன்பு குறைந்த இடத்தில் இவை பெருகும். வயதையும் நோயின் கடுமையையும் கணக்கில் கொள்ளாமல் ஒப்பிடுவது அநீதி; ஒளிக்காமல் எழுதும் வார்டு கெட்ட பெயர் வாங்கும் என்ற அச்சமும் நியாயமானதே. ஆகவே எண் கூடும்போது, அந்த ஷிப்டுக்கு எத்தனை பேர் போதும் என்று முடிவு செய்தவரிடம்தான் முதலில் விளக்கம் கேட்க வேண்டும். இரவெல்லாம் ஓடிக் களைத்த செவிலியரிடம் அல்ல.