கதை முட்டி நிற்கும் இடம்

கதை டிஸ்கஷனில் ஒரு சீன் முட்டிக்கொண்டால் முதலில் வருவது விபத்து. அப்புறம் ஒரு போன். அதற்கும் அசையாவிட்டால் யாருக்காவது நெஞ்சுவலி. ஆளுக்கொன்று சொல்வார்கள், எல்லாம் கதைக்கு வெளியிலிருந்து வந்து இறங்குபவை. முட்டுகிற இடத்தில் புதிதாக எதையும் சேர்க்காமல், ஏற்கெனவே எழுதியதைத் திரும்பப் படிப்பதுதான் இப்போதெல்லாம் என் பழக்கம்.

*

‘அந்த 7 நாட்கள்’ (1981) படத்தைத் திரைக்கதைக்காகவே அடிக்கடி பார்க்கிறேன். சாகக் கிடக்கும் அம்மாவுக்காகக் கல்யாணம் செய்துகொண்ட டாக்டர் ஆனந்த். முதலிரவிலேயே உயிரை விடத் துணிந்த வசந்தி. அவளைக் காதலனோடு சேர்த்துவைப்பதாக அவர் வாக்குக் கொடுக்கிறார்; பாலக்காட்டு மாதவனும் கிடைத்துவிடுகிறான். கணவன் நல்லவன், காதலன் நல்லவன், எதிர்க்க ஆளே இல்லை. எந்தப் பக்கம் முடித்தாலும் ஒருவருக்கு அநியாயம்.

படத்தை எழுதி இயக்கிய பாக்யராஜ் அந்தச் சிக்கலைக் கதாபாத்திரங்களின் கையிலேயே கொடுத்துவிடுகிறார். ஆனந்த் படத்தயாரிப்பாளர் போல வந்து தன் கதையையே மாதவனிடம் சொல்கிறார். கிளைமாக்ஸ் எப்படி இருக்க வேண்டும் என்று இருவரும் பேசுகிறார்கள். டிஸ்கஷன் அறையில் நடக்க வேண்டிய விவாதம் திரையிலேயே நடக்கிறது! கடைசியில் கதையை முடித்துவைப்பது கல்யாணத்தன்று கட்டிய தாலி. அதைக் கழற்றச் சொல்கிறான் மாதவன். முடியவில்லை.

அந்த முடிவு எனக்கு உவப்பானதல்ல. ஒரு பெண்ணின் மனசுக்குத் தாலி பதில் சொல்வதை ஏற்க முடியவில்லை. ஆனாலும் எழுதுகிறவனாக அதற்கு வணங்குகிறேன். முதலிலிருந்தே எல்லார் கண்முன்னும் இருந்த பொருள் அது.

*

குரோசாவாவின் ‘இகிரு’ (1952) இன்னொரு வழி. நகராட்சிப் பிரிவுத் தலைவர் வத்தனாபேவுக்கு வயிற்றில் புற்றுநோய். சாவதற்குள் குழந்தைகளுக்கு ஒரு பூங்கா கட்டிவிட நினைக்கிறார். ஒரு வயதானவர் மேசை மேசையாகப் போய்க் குனிந்து நிற்பதை எத்தனை சீன் காட்டுவது? திரைக்கதை எழுதிய குரோசாவா, ஹாஷிமோட்டோ, ஒகுனி மூவரும் படம் முடிய வெகுநேரம் இருக்கும்போதே அவரைச் சாகவிடுகிறார்கள். அப்புறம் துக்க வீடு. சக ஊழியர்கள் குடித்துக்கொண்டே, பூங்கா யாரால் வந்தது என்று வாதாடுகிறார்கள். அவருடைய அலைச்சல் முழுவதும் அந்தப் பேச்சிலிருந்து துண்டு துண்டாக வருகிறது. மேலதிகாரிகளுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கும் பேச்சு, போதை ஏற ஏற அழுகையாக மாறுகிறது. சொல்லும் ஆளை மாற்றியதும் சலிப்பூட்டியிருக்க வேண்டிய பகுதியே படத்தின் உயிராகிவிட்டது.

*

நான் எழுதிக்கொண்டிருக்கும் ஸ்கிரிப்டில் தம்பி ஊருக்கு வருகிறான். அப்பாவின் நிலத்தை விற்க, அக்கா விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டுவிட்டால் கதை அங்கேயே முடிந்துவிடும். மாட்டேன் என்று சொல்ல அவளுக்குக் காரணமில்லை. தம்பிமேல் பாசம், பணத்தில் ஆசை கிடையாது. வக்கீல், கடன்காரன், பழைய பகை என்று எதைக் கொண்டுவந்தாலும் அவள் குணம் மாறிப்போகிறது.

எழுதியதைத் திரும்பப் படித்தேன். முதல் சீனில் அவள் பீடி சுற்றுகிறாள். முக்கூடல் பக்கம் வீட்டுக்கு வீடு நடக்கும் வேலை என்பதால் எழுதிவைத்தது. மடியில் முறம், இலை வெட்டும் கத்தரி, தூள், நூல். வருஷக்கணக்காக இலையைத் தேய்த்துத் தேய்த்து வழுவழுத்துப்போன கட்டைவிரல்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் கருவி அவள் ரேகையை எடுக்கவில்லை. துடைத்துவிட்டு வைக்கச் சொல்கிறார்கள். மறுபடி வைக்கிறாள். இன்னொரு விரல். வரிசை நீள்கிறது, நாளைக்கு வாங்கம்மா என்கிறார் ஊழியர். அன்றைக்கே ரயிலேற இருந்த தம்பி அக்கா வீட்டில் தங்கியாக வேண்டும்.

இனி அந்த ராத்திரியை எழுத வேண்டும். அவள் மறுக்கத் தேவையில்லை, அவன் கெஞ்சத் தேவையில்லை. சாப்பிட்டுவிட்டு இருவரும் என்ன பேசிக்கொள்வார்கள் என்பது மட்டும்தான் பாக்கி. முதல் வரி அவனுடையதாக இருக்கும் என்று தோன்றுகிறது.