நாளைக்கென்று உலர்த்துவது துறவா?

துறவி நாளைக்கென்று உணவு எடுத்துவைக்கலாமா? கூடாது என்கிறது பௌத்தத் துறவியரின் ஒழுக்கநெறியான விநயம். அந்த விதி பிறந்ததே காயவைத்த சோற்றால்தான். புத்தரின் சீடர் ஆனந்தரின் உபாத்தியாயரான பேலட்டசீசர் காட்டில் தனித்து வாழ்ந்தவர். பிச்சையில் கிடைத்த வெறுஞ்சோற்றை உலர்த்தி வைத்துக்கொள்வார். பசித்தால் தண்ணீரில் நனைத்து உண்பார். ஊருக்குள் அடிக்கடி வரவேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை. எளிமைக்கு இதைவிட என்ன வேண்டும் என்று நமக்குத் தோன்றும். புத்தரோ கண்டித்தார், முதல் நாள் ஏற்ற உணவை மறுநாள் உண்பது குற்றமானது.

ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, அதே புத்தரின் சங்கத்தில், உணவை உலர்த்துவதே தவமாகப் போற்றப்பட்டது.

ஜப்பானியத் துறவி தோகென் 1223இல், இருபத்து மூன்று வயதில், தர்மம் தேடிச் சீனத்துக்குக் கப்பலேறினார். நிங்போ துறைமுகத்தில் கப்பல் நின்றிருந்தபோது அறுபத்தொரு வயதுப் பிட்சு ஒருவர் காளான் வாங்க வந்தார். கடல் கடந்து வந்த சரக்கு, உலர்ந்த காளானாகத்தான் இருந்திருக்கும். அசோகர் மலை மடத்தின் மடைப்பள்ளிப் பொறுப்பாளர் அவர். ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் நடந்து வந்திருந்தார். இரவு தங்கிப் போகும்படி தோகென் வேண்டியும் கேட்கவில்லை. மறுநாள் சமையல் தன் பொறுப்பு என்று திரும்பிவிட்டார்.

பிறகு தியான்தோங் மடத்தில் இன்னொரு முதியவரைத் தோகென் கண்டார். அறுபத்தெட்டு வயது, வில்லாக வளைந்த முதுகு, வெளுத்த புருவம். நண்பகல் வெயிலில் தலையில் தொப்பிகூட இல்லாமல், கையில் மூங்கில் கோலுடன், புத்தர் மண்டபத்தின் முன் காளான் காயவைத்துக்கொண்டிருந்தார். தரை ஓடுகள் கொதித்தன. ஏவலாளிடம் விடலாமே என்றார் தோகென். அடுத்தவர் செய்தால் அது தாம் செய்ததாகுமா என்பது முதியவரின் பதில். வெயில் தணிந்த பிறகாவது செய்யலாமே என்றதற்கு, வேறு எந்த நேரத்துக்காகக் காத்திருப்பது என்று திருப்பிக் கேட்டார். தோகெனால் பேச முடியவில்லை.

இந்தப் பதிலை வெறும் வைராக்கியம் என்று படிப்பது போதாது. வற்றல் போட்ட எவருக்கும் அதிலுள்ள தொழிலறிவு புரியும். பச்சைக் காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். பறித்த பின்னும் அது மூச்சுவிடும், கறுக்கும், வேகமாக அழுகும். பத்துக் கிலோவை உலர்த்தினால் கிட்டத்தட்ட ஒரு கிலோதான் மிஞ்சும். ஒடித்தால் படக்கென்று முறிய வேண்டும். வளைந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. ஈரக் காளான் ஒன்று கலந்தாலும் சாடி முழுவதும் பூஞ்சணம் பிடிக்கலாம். காய்ந்ததும் காற்றுப்புகாமல் மூடிவைக்காவிட்டால் அதுவே ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். உச்சி வெயிலை விட்டால் காளானுக்கு நல்ல நேரம் ஏது? முதியவர் தம் உடம்பை வருத்த வெயிலில் நிற்கவில்லை. காளானுக்கு வேண்டிய நேரத்தில் நின்றார்.

அப்படியானால் பேலட்டசீசர் செய்த பிழை என்ன? உலர்த்தியது அல்ல என்றே தோன்றுகிறது. பிட்சுவும் இல்லறத்தாரும் அன்றாடம் முகம் பார்க்க வைப்பது பிச்சைப் பாத்திரம். காய்ந்த சோறு அந்த உறவை அவருக்குத் தேவையற்றதாக்கியது. சீன மலை மடங்களின் நிலை வேறு. அங்கே பெருங்கூட்டமான துறவிகள் நிலம் உழுது, சேர்த்துவைத்து, சேர்ந்து உண்டார்கள். முதுமையிலும் உழைத்த பைஜாங் என்ற ஆசானின் கருவிகளைச் சீடர்கள் ஒளித்துவைத்தபோது, அவை திரும்பக் கிடைக்கும்வரை அவர் உண்ண மறுத்தார் என்பது ஜென் மரபு. அங்கே சேமிப்பு ஒருவரை மற்றவரிடம் கட்டியது.

பிறரிடம் விடமாட்டேன் என்பதில் அகங்காரம் இல்லையா என்று கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். மடத்தில் கைகள் பல இருக்கும்போது ஒரு கிழவர் வெயிலில் வாடுவது நமக்கு உறுத்துகிறது. ஆனால் 1227இல் நாடு திரும்பிய தோகென், கியோட்டோவின் கென்னின்ஜி மடத்தில் பார்த்தது இதற்கு நேரெதிர். அங்கே மடைப்பள்ளிப் பொறுப்பாளர் பதவி பெயருக்குத்தான் இருந்தது. பொறுப்பாளர் எல்லாவற்றையும் ஏவலாளிடம் விட்டுவிட்டுச் சமையலை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. 1237இல் மடைப்பள்ளிப் பொறுப்பாளருக்கான நெறிகளைத் தோகென் எழுதியபோது, காளான் வாங்க வந்தவர், காளான் காயவைத்தவர், கென்னின்ஜி பொறுப்பாளர் ஆகிய மூவரையும் அதில் சேர்த்தார். அரிசியில் கல் பொறுக்குவதைப் பொறுப்பாளரே தம் கண்ணால் பார்த்துச் செய்ய வேண்டும் என்றும் அதில் விதித்தார்.