கடவுளைப் பற்றியா, கடவுளிடமா?

'கடவுள் இருக்கிறாரா?' என்று யாராவது கேட்டால் என்ன சொல்வீர்கள்? 'உலகம் தானாகவா வந்தது? அதற்கு மூலகாரணமே கடவுள்' என்பீர்கள். ஐரோப்பியத் தத்துவமும் நெடுங்காலம் இப்படித்தான் பேசிவந்தது.

ஆனால் ஜெர்மனியின் தத்துவ அறிஞர் ஹைடெக்கர், 1957-ல் ஒரு சொற்பொழிவில் இதைக் கேள்விக்கு உள்ளாக்கினார். வெறும் 'காரணம்' ஆகிவிட்ட கடவுளிடம் எப்படிப் பிரார்த்திப்பது? அதன் முன் யாரால் மண்டியிட முடியும், ஆடிப் பாட முடியும் என்பது அவர் ஆதங்கம்.

பிரான்ஸைச் சேர்ந்த மரியோன் 1982-ல் வெளியிட்ட நூலில் இன்னும் ஆழமாகப் போனார். கடவுளுக்கு நாம் தரும் விளக்கம் ஒரு கண்ணாடி. அதில் தெரிவது நம் அறிவின் அளவுதான் என்றார். உண்மையான தரிசனத்திலோ நாம் பார்ப்பதைவிட, பார்க்கப்படுகிறோம். எனவே கடவுளைப் 'பற்றி'ப் பேசுவதைவிட, அவரைப் போற்றுவதே தகுந்த மொழி என்பது அவர் முடிவு.

இதையும் விடவில்லை, டெரிடா என்ற இன்னொரு பிரெஞ்சு அறிஞர். புகழும்போதும் 'நீ இப்படிப்பட்டவன்' என்று அளந்துதானே பேசுகிறோம் என்று கேட்டார்.

நியாயமான கேள்வி! அதற்காகத் துதிப்பதை நிறுத்த வேண்டுமா? வேண்டாம். நம் சொல்லுக்குள் அவர் அடங்கிவிட்டதாக நினைக்காமல் இருந்தால் போதும்.

அடுத்தமுறை கைகூப்பும்போது, வேண்டுதல்களைச் சொல்லி முடித்ததும் உடனே கிளம்பிவிடாதீர்கள். ஒரு நிமிடம் மௌனமாக நில்லுங்கள். நாம் பேசியது போதும், அவர் பார்க்கட்டும்!