எண்ணெய் சிந்திய தடம்

பொமோனா டிராக் பந்தயத் தடத்தில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. டாப் ஃபியூயல் கார் ஒன்று பாதி வழியில் இன்ஜின் வெடித்து, தடம் நெடுக எண்ணெயைக் கொட்டிவிட்டது. நான்கு வினாடிகூட நீடிக்காத ஓட்டத்துக்கு முக்கால் மணி நேரத் துப்புரவு. உறிஞ்சும் தூளைத் தூவினார்கள், தேய்த்தார்கள். பிறகு டிராக்டர் டயர்களை இழுத்துப் போய் ரப்பரை மறுபடி படியவைத்தது.

எனக்கு உறுத்தியது அடுத்து ஓடக் காத்திருந்த ஜோடிதான். அதற்குள் வெயிலில் தடம் சூடேறினால் பிடிப்பு மாறும். கிளட்சுக்குப் போட்ட கணக்கு பொய்க்கும். விதைத்தவனே அறுப்பான் என்று பாட்டி சொல்லுவாள். இங்கே விதைத்தவன் கொட்டகையில் இன்ஜினைப் பிரித்துக்கொண்டிருக்க, அறுவடை எவனுக்கோ. எண்ணெய் கொட்டும் அணிக்குப் பந்தயத்தை நடத்தும் என்.எச்.ஆர்.ஏ. அபராதம் போடும், புள்ளியும் குறைக்கும். சரி, அந்த வெயிலுக்கு யார் ஈடு தருவது?

எண்ணெய் கொட்டியவன்தான் குற்றவாளி என்றும் சொல்ல வாய் வரவில்லை. 90 சதவீதம் நைட்ரோமீத்தேன் குடித்து 10,000 குதிரைத்திறனுக்கு மேல் தருகிற இன்ஜின் அது. உடைவது அதன் சுபாவம்.

வினை ஆளுக்கு ஆள் தனிக்கணக்கு என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அப்படியில்லை, ஒருவருக்கு நேர்ந்தது எல்லோர் தடத்தையும் மாற்றும். 2008 ஜூனில் இங்கிலிஷ்டவுன் தடத்தில் ஓட்டுநர் ஸ்காட் கலிட்டாவின் கார் இன்ஜின் வெடித்தது, அவர் இறந்தார். அதன்பின் இவ்வகைக் கார்களின் ஓட்டம் 1,320 அடியிலிருந்து 1,000 அடியானது. மிச்சம் 320 அடியும் இன்று நின்று நிதானிப்பதற்கு.

தடம் காய்ந்தது. காத்திருந்த இருவரில் ஒருவருக்குச் சக்கரம் வழுக்கியது. மேலே பார்த்தேன், சூரியன் உச்சியில்.